பதினான்காவது கட்டம்

ஒன்பது மாதப் பயிற்சியில் ரூத் பூஞ்சேரி கூட்டுரோட்டு டீக்கடைகளைப் பற்றி எல்லாவற்றையும் கற்றிருந்தாள். எந்தக் கடையில் பதினோரு மணிக்கு மேல் டிகாஷன் வெறும் தண்ணீராகிவிடும், எந்த மாஸ்டர் பார்சல் என்றதும் பாலைக் குறைப்பார், ஈசிஆர் சாலையைக் கடந்து அந்தப் பக்கக் கடைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் ஆகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற கடையில் அரசாங்கக் கணக்கில் அப்ரண்டீசாகச் சேர்ந்த பெண்ணுக்கு இது கொஞ்சம் கூடுதலான ஞானம்தான் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா செங்கல்பட்டில் 'சிறுதொழில் பழகுநர் உதவி மையம்' என்று பலகை தொங்கும் ஒரு மாடி அலுவலகத்தில் களப்பணியாளர். சின்னச் சின்னக் கடைக்காரர்களைத் தேடிப் போய், ஓர் அப்ரண்டீசைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உதவித்தொகையில் ஒரு பங்கை அரசாங்கம் தரும், பதிவு, படிவம், பரீட்சை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் சேர்த்துவிடுவது அவள் வேலை. அப்புறம் மாதம் ஒரு தடவை போய், பயிற்சி நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மற்ற களப்பணியாளர்கள் எல்லாக் கட்டத்திலும் 'குட்' என்று போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜெசிந்தாவுக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். மதுராந்தகத்துப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றவள் அவள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஒன்று விடாமல் போட்டுத்தான் ஆரம்பிப்பாள். யார், எந்த வேலையை, எந்தத் தேதியில், எவ்வளவு தெளிவாகச் செய்தார் என்று வரிசை எண் போட்டு எழுதுவாள். கடைசியில் பழகுநரின் கைபேசி எண், வீட்டார் எண். ஒரு பிரதி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி தன் கோப்புக்கு.

ரூத்தின் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. எரிந்த காயிலை வெட்டி எடுப்பதில் தொடங்கி, சுற்று எண்ணுவது, புதுக் காயில் சுற்றுவது, மோட்டாரின் காடிகளில் காகிதம் செருகிக் காயிலை இறக்குவது என்று பதின்மூன்றிலும் டிக். பதினான்காவது, 'இணைப்பு'. இறக்கி வைத்த காயில்களின் முனைகளில் எதை எதோடு சேர்ப்பது என்கிற வேலை. தப்பாகச் சேர்த்தால் மோட்டார் முனகும், சூடாகும், மறுபடி எரியும். மற்ற பதின்மூன்றும் கைவேலை. இது ஒன்றுதான் தொழில். அந்தக் கட்டம் ஒன்பது மாதமாகக் காலி.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள் மூன்றரை மணிக்கு ஜெசிந்தா கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரன் பூபாலன் ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து எச்பி மோட்டார் ஒன்றின் வயிற்றில் கடைசிக் காயிலை இறக்கிக்கொண்டிருந்தான். கடற்கரை ரிசார்ட் ஒன்றின் நீச்சல்குளத்து மோட்டார் அது. உப்புக் காற்றுக்கு அந்த வரிசை ரிசார்ட்டுகளின் மோட்டார்கள் மாதத்துக்குக் குறைந்தது நாலு புகைந்து வரும். அதை வைத்துத்தான் பூபாலனின் கடை ஓடுகிறது. காயில் இறங்கி முடிந்ததும், தலையை நிமிர்த்தாமலே, "ரூத்து, டீ வாங்கினு வந்துடு" என்றான்.

ரூத் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜெசிந்தாவும் பின்னாலேயே போய் ரோட்டோரத்தில் அவளை நிறுத்தினாள்.

"கனெக்‌ஷன் போடறத எப்பப் பார்த்த?"

"பாத்ததே இல்ல மேடம். நான் டீ வாங்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தபா சீக்கிரமா வந்துட்டேன். பிஸ்கட் மறந்துட்டன்னு திருப்பி அனுப்பிச்சிட்டாரு."

மார்ச் மூன்றாவது வாரம் செங்கல்பட்டில் செய்முறைத் தேர்வு. காயில் இறக்கிய மோட்டார் ஒன்றை முன்னால் வைத்து, இணைப்புப் போட்டு ஓட்டிக் காட்டு என்பார்கள். ஓடினால் சான்றிதழ், ஓடாவிட்டால் ஒன்றும் இல்லை. ரூத் ஏற்கெனவே ஒரு வருஷத்தைத் தொலைத்தவள். பிளஸ் டூ முடித்து ஏதோ ஒரு நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். அந்த நிறுவனம் கொடுத்த சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் கையால் தொடவில்லை. மணமை கிராமத்தில் இருக்கும் அவள் அம்மா ஒரு ரிசார்ட்டின் லாண்டரியில் வேலை செய்கிறார். இதுவும் வெறும் காகிதம்தான் என்று ஆகிவிட்டால் மறுநாளே தன்னோடு லாண்டரிக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்தப் பதினான்காவது கட்டம் நிரம்பினால் மெக்கானிக், நிரம்பாவிட்டால் பெட்ஷீட். ரூத் அதைச் சொல்லிவிட்டு, டிகாஷன் நன்றாக இருக்கிற கடையைப் பார்த்து நடந்தாள்.

ஜெசிந்தா அன்றைக்கே தீர்மானித்தாள். ஓர் ஆள் சொந்தக் கடையில், சொந்த அப்ரண்டீசுக்குப் பயந்து ஒளிந்து வேலை செய்கிறான். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது. பூபாலன் எந்தக் கிழமைகளில் இணைப்புப் போடுவான் என்று ரூத்திடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, சரியாக அந்த நேரத்துக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள்.

முதல் தடவை, 'டீ' என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் ஜெசிந்தா பிளாஸ்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, நானே வாங்கி வருகிறேன், ரூத் உங்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றாள். மேடத்தை டீ வாங்க அனுப்புகிற அளவுக்குத் தான் கெட்டுப்போகவில்லை என்று சொல்லி பூபாலன் டீயே வேண்டாமென்றான். கூடவே தலைவலி வந்து, மோட்டாரையும் மூடி வைத்தான். இரண்டாவது தடவை, அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரூத் எதிர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாங்க அவளைத் திருக்கழுக்குன்றம் அனுப்பியிருந்தான். அலமாரியில் இரண்டு டின் வார்னிஷ் சீல் பிரிக்காமல் இருந்தது. மூன்றாவது தடவை அனுப்புவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பூபாலன் ஒரு பெரிய துண்டை எடுத்துத் தலைக்கும் மோட்டாருக்குமாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிறவன் மாதிரி குனிந்து, அதற்குள்ளேயே இணைப்பைப் போட்டு முடித்தான். துண்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

துண்டை எடுத்தபோது அவன் முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஜெசிந்தாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. திட்டத்தின் நோக்கம் என்ன, ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஒரு பெண்ணின் ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு டீக்கும் வார்னிஷுக்கும் அலையவிடுவதற்கு என்ன பெயர் என்றெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினாள். பூபாலன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"விஷாலு எங்க மேடம்?" என்றான் முடிவில்.

விஷால் அவனிடம் முதலில் சேர்ந்த அப்ரண்டீஸ். அடுத்து ஸ்டான்லி. மூன்றாவது சீனு. மூன்று பேரையும் சேர்த்துவிட்டவள் ஜெசிந்தாதான். மூன்று பேரும் பாதியில் நின்றுவிட்டார்கள்.

"மூணு பேருக்கும் கனெக்‌ஷன் சொல்லிக் குடுத்தேன். ஒளிக்கல, மறைக்கல. இந்த வாரம் கத்துக்குனான், அடுத்த வாரம் மறைமலைநகரு கம்பெனி பஸ்ஸுல குந்திகினு டாட்டா காட்றான். மூணு பேருமே மேடம். கத்துக்கறதுக்கு மின்ன ஒருத்தனும் போவல. கத்துக்குனப்பறம் ஒருத்தனும் பத்து நாளு தங்கல. அவன் கத்துக்குனான்னு கம்பெனிக்காரனுக்கு எப்டித் தெரியும்? என் கடையில இன்னா கேமராவா வெச்சிகிறான்?"

ஜெசிந்தா அதை ஒரு சோம்பேறியின் புலம்பலாகத்தான் எடுத்துக்கொண்டாள். நல்ல சம்பளம், நல்ல பஸ், கேன்டீன் சாப்பாடு இருந்தால் பையன்கள் போகத்தான் செய்வார்கள். இதில் கேமரா எங்கே வந்தது. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். யாராவது ஒரு தேதியையோ நாள்கணக்கையோ சொன்னால் அது சரியா என்று பார்க்காமல் தூக்கம் வராது. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் தன் கோப்பை எடுத்து மூன்று பேருடைய அறிக்கைகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

விஷால்: 'இணைப்பு வேலையைத் தனியாகவும் தெளிவாகவும் செய்கிறார்.' இப்படி அவள் எழுதிய நாளிலிருந்து எட்டாவது நாள் அவன் நின்றுவிட்டான். ஸ்டான்லி, ஆறாவது நாள். சீனு, ஒன்பதாவது நாள்.

அவள் ஸ்டான்லியைப் போனில் கூப்பிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தான் போல, பின்னால் ஆள் இரைச்சல். மரியாதையாகத்தான் பேசினான். ஏதோ ஒரு லேபர் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டாராம். உனக்குக் கனெக்‌ஷன் தெரியும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, உடனே வா என்றாராம். அம்மா நம்பருக்கும் கூப்பிட்டுப் பேசினாராம். அங்கே இப்போது என்ன வேலை என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ஒரு பார்ட்டு வரும் மேடம். அதுல ரப்பர் வாசர் போடணும். எட்டு மணி நேரமும் அதுதான்."

"கனெக்‌ஷன்?"

"அத்த இங்க யாரு கேக்குறாங்கோ. மறந்தே பூடுச்சு. பதினோரு மாசம் ஆச்சுன்னா நிறுத்திட்டு வேற பேட்ச் எடுப்பாங்களாம். ஆனா பஸ்ஸு ஏசி மேடம்."

ஜெசிந்தா போனை வைத்துவிட்டு, நேரே மேலாளர் பிரவின்குமாரின் கண்ணாடி அறைக்குள் போனாள். பிரவின்குமாருக்கு இருபத்தெட்டு வயது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்து, மேலாண்மை படித்துவிட்டு, வாழ்க்கையில் ஒருநாளும் ஸ்குரூ டிரைவர் பிடிக்காமல், சின்னக் கடைகளில் எப்படித் தொழில் கற்றுத்தருவது என்று ஊர் ஊராகப் போய் உரை நிகழ்த்துகிறவன். நல்ல பையன். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான். உயர்த்துகிற அளவுக்கு எந்த விஷயமும் அவனை நெருங்கியதில்லை. அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஜெசிந்தா, நம்ம டீம்லயே உங்க ரிப்போர்ட்தான் பெஸ்ட். கான்ட்ராக்டர் சைடுல அதைத்தான் முதல்ல கேட்டு வாங்குறாங்க. மத்தவங்க எல்லாம் குட், குட்னு போட்டு அனுப்புறாங்க. அதை வச்சு எவனை எடுக்கறது?"

லேப்டாப்பைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினான். படிக்கட்டு ஒன்றில் குட்டி மனிதர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சிப் படியில் ஒரு தொழிற்சாலை. அடிப்படியில் பூபாலனின் கடை. முதல் மாதம் ஜெசிந்தாவே எடுத்து அனுப்பிய போட்டோ. ஒவ்வோர் ஆளையும் மேலே ஏற்றிவிடுவதற்கு மையத்துக்கு ஒரு தொகை வருகிறது என்றும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்றும், ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது என்றும் சொன்னான். அவள் ஆண்டறிக்கையைப் படித்ததில்லை. தன் அறிக்கைகளைத்தான் படிப்பாள், அதுவும் இரண்டு தடவை.

கடைக்காரர்களுக்கு உதவி செய்வதுதானே நம் வேலை என்று கேட்டாள்.

"பண்றோமே. ஒரு பையன் போனா இன்னொருத்தனைச் சேர்த்துவிடறோம். அவங்களுக்கும் ஆள் தீராது, நமக்கும் டார்கெட் தீராது."

வெளியே வந்து தன் மேஜையில் உட்கார்ந்தபோது ஜெசிந்தாவின் இளக்காரம் எல்லாம் போக்கிடம் இல்லாமல் அவளிடமே திரும்பி வந்து நின்றது. 'குட்' என்று கிறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் அப்ரண்டீஸ்கள் எல்லாரும் அந்தந்தக் கடையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் எந்தப் போனும் வரவில்லை. அவள் ஒருத்திதான் பொறுப்பாக, தெளிவாக, வரிசை எண் போட்டு, வீட்டார் நம்பரோடு, கறிக்கடைக்கு ஆட்டைக் காட்டிக் கொடுப்பது போல மூன்று பையன்களை எழுதிக் கொடுத்திருக்கிறாள். தொழிற்சாலைக்கு அவர்களுடைய தொழில்கூட வேண்டியிருக்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்கிற பையனைச் சலித்து எடுக்க ஒரு சல்லடை வேண்டியிருந்தது. அந்தச் சல்லடைக்குப் பெயர் பூபாலன். சலித்தவள் இவள்.

வெள்ளிக்கிழமை அவள் பூஞ்சேரி போனாள். கடையில் இன்னொரு ரிசார்ட்டின் மோட்டார் காயில் இறக்கித் தயாராக இருந்தது. ரூத் மூலையில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா உட்காரவில்லை. நின்றபடியே, தேதி வாரியாக, விஷாலும் ஸ்டான்லியும் சீனுவும் எப்படிப் போனார்கள் என்று சொன்னாள். கேமரா எங்கே இருந்தது என்று கேட்டீர்களே, அது நான்தான் என்றாள். 

பூபாலன் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வை கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"ஒம்பது மாசமா டீ வாங்க அந்தப் பொண்ண அனுப்புனேன் பாருங்க. உங்கள அனுப்பியிருக்கணும்."

ஜெசிந்தா அதை வாங்கிக்கொண்டாள். பிறகு தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். நீங்கள் ரூத்துக்கு இணைப்பு சொல்லிக் கொடுங்கள், நான் என் அறிக்கையில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன், தேர்வு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பூபாலன் மோவாயைச் சொறிந்துகொண்டு அதைப் பரிசீலித்தான். தேர்வுக்குப் பிறகு தெரியுமே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டான். அதற்கும் ஏதாவது வழி பார்க்கலாம் என்றாள் அவள். இருவரும் தாழ்ந்த குரலில், ஏதோ வீட்டுமனை பேரம் பேசுகிறவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூலையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"என் ஃபார்ம வெச்சிகினு ரெண்டு பேரும் இன்னா வெளாட்றீங்களா?" என்றாள் ரூத். "நான் போவேனா இருப்பேனான்னு என்னாண்ட யாருன்னா கேட்டீங்களா?"

"சரி, கேக்குறேன். போவியா?" என்றான் பூபாலன்.

"தெரிலண்ணா."

"போமாட்டேன்னு சொல்லு, இப்பவே சொல்லிக் குடுக்கறேன்."

"ஒரு மோட்டாருக்கே ஆறு மாசந்தான் கேரண்டி குடுக்கற. எனக்கு மட்டும் ஆயுசுக்கும் கேக்கறியேண்ணா."

 ரூத் எழுந்து வந்து மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டாள். போன மாசம் உனக்குக் காய்ச்சல் வந்து படுத்தாயே, ஒரே ரிசார்ட்டின் நாலு மோட்டார் பத்து நாள் கிடந்தது, நான் எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டுக் கடைசிக் கட்டத்துக்காக உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாள். கோவளத்துக் கடைக்காரன் வந்து நாலையும் அள்ளிக்கொண்டு போனான், அந்த ரிசார்ட் இன்னும் திரும்பி வரவில்லை.

"அத்த எந்தக் கம்பெனி பஸ்ஸு தூக்கினு போச்சு, சொல்லு."

 பூபாலன் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

தொழில் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று பிரவின்குமாரின் படங்களில் இருக்கும். பூபாலனுக்குத் தெரியவில்லை. இத்த அத்தோட, அத்த இந்தாண்ட இருக்கறதோட, இப்படியே சுத்தினு வரணும், அவ்ளோதான் என்றான். அவன் விரல்களுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. இதையா ஒன்பது மாதமாகத் துண்டு போட்டு மூடினான் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. துண்டு இல்லாவிட்டாலும் ஒரு தடவை பார்த்து யாருக்கும் புரிந்திருக்காது. அவள் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள். 'இத்த' என்றால் எது, முதல் காயிலின் ஆரம்ப முனையா, கடைசி முனையா என்று கேட்டாள். அவன் எரிச்சலோடு சொன்னான். எழுதினாள். 'அத்த' எது? சொன்னான். எழுதினாள். ரூத் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி எண் போட்டு ஒவ்வொரு முனையிலும் கட்டினாள். பூபாலன் தன் தொழில் தன் கண்முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாளில் இறங்குவதை, பொதுவழியில் சட்டையைக் கழற்றச் சொன்னவன் மாதிரி நெளிந்துகொண்டே பார்த்தான்.

ரூத் முனைகளைச் சேர்த்து முறுக்கினாள். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றவில்லை; அடித்தொண்டையில் முனகியது. பூபாலன் ஒரே எட்டில் போய் ஸ்விட்சை அணைத்தான். லேசாகச் சூட்டு வாசனை. எங்கே தப்பு என்று ரூத் அவனைப் பார்த்தாள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றான். அது பயிற்சி முறை ஒன்றுமில்லை, வெறும் வீம்பு. ஆனால் அந்த வருஷத்தில் அவன் கொடுத்த ஒரே நல்ல பயிற்சி அதுதான். ரூத் அட்டைகளை ஒன்றிலிருந்து மறுபடி படித்துக்கொண்டு வந்தாள். ஒரு தொகுதியின் முனைகள் தலைகீழாகச் சேர்ந்திருந்தன. பிரித்தாள், மாற்றினாள், முறுக்கினாள். இந்தத் தடவை ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு சின்னக் குலுங்கலோடு எழுந்து, சத்தம் சீராகி, சுற்றிக்கொண்டே இருந்தது.

"ம். வார்னிஷ் போடு" என்றான் பூபாலன்.

பதினான்காவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஜெசிந்தா ரூத்தைக் கேட்டாள். அப்படிக் கேட்டது அந்த வேலையில் அவளுக்கு முதல் தடவை. நடந்ததை எழுதுங்கள், நம்பரையும் எழுதுங்கள், போன் வந்தால் எடுப்பதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ரூத். அப்படியே எழுதினாள். அதோடு சேர்த்துப் பிரவின்குமாருக்கு ஒரு தனிக் கடிதமும் அனுப்பினாள். பழகுநர் தம் வாயால் சம்மதம் சொல்லாத வரை இனி எந்த எண்ணையும் தாம் எழுதப்போவதில்லை. பழகுநர் விவரத்தை வெளியாருக்குக் கொடுப்பது கடைக்காரருக்குச் சொல்லப்பட வேண்டும். இதை ஏற்க முடியாவிட்டால் ஏப்ரலில் தம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தேவையில்லை. மூன்று பக்கம். அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். படிக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. அவள் அதே கடிதத்தை மையத்தின் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தாள். அங்கிருந்து கட்டைவிரல்கூட வரவில்லை.

மார்ச் மூன்றாவது வாரம், தேர்வு மையத்தில் ரூத்துக்குக் கிடைத்தது பழைய மூன்று எச்பி மோட்டார். முக்கால் மணி நேரத்தில் இணைத்தாள். ஓடியது. தேர்வாளர் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கே கற்றாய் என்று கேட்டார். பூஞ்சேரி கூட்டுரோடு என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா வாசல் பக்கம் நடந்தாள்.

வெளியே வந்தால் கேட்டை ஒட்டிச் சாமியானா போட்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் ஆட்கள் மேஜை போட்டு, படிவத்தை அடுக்கி, வெளியே வருகிற பிள்ளைகளை ஒருவர் விடாமல் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அட்டையோடு பிரவின்குமார் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். இனி யாருடைய நம்பரையும் யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆளே நேராக வந்துவிடுகிறது. தன் மூன்று பக்கக் கடிதத்தை நினைத்து ஜெசிந்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. பிரவின்குமார் அவளைப் பார்த்ததும் உற்சாகமாகக் கைகாட்டி, எப்படி நம்ம ஐடியா என்பது போலப் புருவத்தை உயர்த்தினான்.

ரூத் மேஜைக்குப் போனாள். அங்கிருந்த பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்டாள். என்ன வேலை, எத்தனை மாதம், அதற்கு அப்புறம் என்ன. அதையெல்லாம் வந்து சேர்ந்தபிறகு எச்ஆரில் சொல்லுவார்கள் என்றாள் அந்தப் பெண். ரூத் ஒரு படிவத்தை வாங்கி முழுதும் படித்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூபாலன் தன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டில் செம்புக் கம்பி வாங்க வந்ததாகவும், அப்படியே இந்த வழியாக வந்ததாகவும் கேட்காமலே சொன்னான். வண்டியில் கம்பி எதுவும் இல்லை. காலையிலிருந்தே இங்கேதான் நிற்கிறான் என்பது, தார் உருகும் வெயிலில் அவன் சட்டை ஒட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. தேர்வு எப்படி என்று அவன் கேட்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

"ஃபாரம் வாங்கினியா?"

"வாங்கினேண்ணா."

"இன்னா போட்டுகீது?"

"சம்பளம் போட்டுகீது. லீவு போட்டுகீது. நீ இன்னா போடுவ?"

பூபாலன் ஜெசிந்தாவைப் பார்த்தான், இதற்கும் அவளிடம் ஏதாவது படிவம் இருக்கும் என்பது போல. அவளிடம் இல்லை. நாலு அப்ரண்டீஸ், அத்தனை அறிக்கைகள், ஒரு துண்டு, இரண்டு டின் வார்னிஷ் எல்லாம் ஆகியும், கற்றுக்கொண்டவளுக்கு அப்புறம் என்ன தருவது என்ற கேள்வியை அவனும் யோசித்ததில்லை, அவளும் அவனைக் கேட்டதில்லை. பதினான்கு கட்டத்தில் எதிலும் அது கிடையாது.

"வண்டில ஏறு. ஒரு ரிசார்ட்டுக்காரன் கடையில மோட்டாருக்கு வந்து குந்திகினுகிறான். போய்கினே பேசுவோம்" என்றான் பூபாலன்.

"நின்னுகினே பேசலாம்ணா" என்றாள் ரூத்.

எதிர்ப்பக்கம் சாமியானாவிலிருந்து மைக்கில் யாரோ அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.  பூபாலன் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, வண்டியை ஸ்டாண்டு போட்டான்.